லிஃப்ட் தன் திருப்பத்தை முடித்தார்

கடைவாய்ப் பல் ஒன்றுக்கு மெழுகில் பள்ளம் கீறிக்கொண்டிருந்தேன். நான் பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் கட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. மேஜை மேல் கிடந்த போன் ஒருமுறை முனகியது. எட்டிப் பார்த்தேன். 'லிஃப்ட் தன் திருப்பத்தை முடித்தார். இது உங்கள் திருப்பம்' என்று இருந்தது.

கையிலிருந்த கத்தி மெழுகுக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. போனில் நாங்கள் ஆடும் விளையாட்டில் லிஃப்ட் என்பது என் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். அவன் செத்துக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகியிருந்தது.

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேறு வேலை இல்லையா உங்களுக்கு என்று மூஞ்சிக்கு நேராகக் கேட்டுவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு அன்று ஈரக்குலை நடுங்கியது. பக்கத்து மேஜையில் பாலிஷ் போடுகிறவள், "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, ஒரு பல்லு போச்சு" என்று சொல்லிவிட்டு மெழுகை மறுபடி உருக்கப் போனேன்.

விளையாட்டு இதுதான். ஆளுக்கொரு கோட்டை, கொஞ்சம் குதிரை, கொஞ்சம் வில்லாளி, கொஞ்சம் காலாள். ஒருவர் நகர்த்தி முடித்தால்தான் அடுத்தவர் தொட முடியும். அவசரம் கிடையாது, பஸ்ஸில் கொஞ்சம், வேலைக்கு நடுவில் கொஞ்சம் என்று ஒரு ஆட்டம் மாதக் கணக்கில் ஓடும். அதைத் தமிழில் மாற்றிய மகராசன் யாரோ, 'உங்கள் முறை' என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் 'உங்கள் திருப்பம்' என்று போட்டு வைத்திருந்தான். ரோட்டு முனையில் திரும்புகிற திருப்பம். முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. குளியலறைக் கதவைத் தட்டி, "எவ்ளோ நேரம் உள்ளயே இருப்ப? என் திருப்பம் வந்துடுச்சு" என்று அண்ணன் கத்துவானாம். அண்ணி சொல்லியிருக்கிறாள்.

ஆடியது மூன்று பேர். அண்ணன், நான், அண்ணனுடைய நண்பர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். வாத்தியாருக்கு நாங்கள் வைத்த பெயர் கட்டைவண்டி. ஒரு காலாளை ஒரு கட்டம் நகர்த்த அவருக்கு ஒரு நாள் வேண்டும். எல்லா ஆட்டத்திலும் முதலில் தோற்பவர் அவர்தான். இந்த ஆட்டத்திலும் அண்ணன் போவதற்கு முன்பே தோற்று, வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஜெயித்தவர் அந்த ஆட்டத்தில் என்ன கற்றுக்கொண்டார் என்று வாய்ஸ் அனுப்ப வேண்டும். தோற்றவர் திட்ட மட்டும் செய்யலாம். எப்போதும் அண்ணனே ஜெயித்ததால், எங்கள் குரூப் முழுக்க அவன் பாடமும் எங்கள் வசவும்தான். நான் அவனை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஜெயித்தால் என்னென்ன சொல்லிக் குத்திக் காட்ட வேண்டும் என்று வருடக் கணக்காக யோசித்து வைத்திருந்தேன்.

அவன் மாரடைப்பில் விழுந்தபோது அவனுடைய திருப்பம். ஒரு மாதம் யாரும் தொடாவிட்டால் ஆட்டம் தானாக அழிந்துவிடும். நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சாவு வீட்டில் எல்லோரும் அழுதபோது கல் மாதிரி நின்றவள் நான். மாலை, வண்டி, வந்தவர்களுக்கு நாற்காலி என்று ஓடிக்கொண்டே இருந்தேன். ஆட்டம் முடியவில்லையே, அவன் எங்கே போய்விடுவான் என்றுதான் மனசுக்குள் ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது.

கட்டைவண்டி போன் செய்தார். "ஏம்மா, உனக்கும் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

"நான் இங்க கிளாஸ் எடுத்துட்டு இருக்கேன். அத பாத்துட்டு நான் போட்ட சத்தத்துல ஓட்டிட்டிருந்த பொண்ணு பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டர மிதிச்சிடுச்சு. அவன் போன் லாக் உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாதே" என்றார்.

அண்ணியிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அண்ணி அந்த விளையாட்டுக்கு வைத்த பெயரே 'சனியன்'. ஒருநாளும் தொட்டதில்லை. அதைவிட முக்கியம், கேட்டால் பதில் வந்துவிடும். எனக்குப் பதில் வேண்டாம், அண்ணன்தான் வேண்டும். வில்லாளிகளுக்கு முன்னால் ஒரு காலாளை நிறுத்தியிருந்தான். அவனேதான் என்று நம்பினேன். நானும் ஒரு காலாளை நகர்த்தித் திருப்பத்தை முடித்தேன்.

அப்படியே ஓடியது. அவன் நகர்த்துவான், நான் நகர்த்துவேன். அடிக்க வேண்டிய இடத்தில் நான் அடிக்கவில்லை. என் ஆட்களைச் சும்மா சுற்றவிட்டேன். ஒருத்தன் அவன் கோட்டைச் சுவரை ஒட்டி வேலையற்றுத் திரிந்தான். ஆட்டம் நடக்கிற வரைக்கும் அவன் இருக்கிறான். முடிந்தால் போய்விடுவான். போன் முனகும்போதெல்லாம் பயமாக இருந்தது. முனகாத நாளில் அதைவிடப் பயமாக இருந்தது. "சாப்பிட்டியா அண்ணே?" என்று திரையில் நிற்கிற அந்தப் பொம்மைக் குதிரையிடம் கேட்கும் அளவுக்குப் போய்விட்டேன்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவனுடைய பழைய வாய்ஸை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். "பாலத்த உடைக்காதீங்கப்பா. எதிரி வரக் கூடாதுன்னு உடைப்பீங்க, அப்புறம் நம்மாளே தாண்ட முடியாம நிப்பான்." அடுத்தது, "வில்லாளிக்கு முன்னாடி ஒரு காலாள் இல்லாம எங்கயும் அனுப்பாதீங்க." அப்புறம் அவன் அலுக்காமல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சொல்வது: "வாசக் குதிரைய மட்டும் நகத்தாதீங்க. தலையே போனாலும் நகத்தாதீங்க." கோட்டை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு குதிரை நிற்கும். அது நகர்ந்தால் வாசல் திறந்துவிடும். எதிரி ஒரு ஆள் உள்ளே கால் வைத்தால் கோட்டை போச்சு.

கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று டிபன் டப்பாவை மூடினேன். வாசக் குதிரையை நகர்த்தாமல் அண்ணன் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை! அவனால் ஒரு இடத்தில் நிற்க முடியாது. சாப்பிடும்போதே எழுந்து நடப்பான். முதலில் கிளம்புவது அந்தக் குதிரைதான். பாலத்தை உடைப்பான், வில்லாளியைத் தனியாக அனுப்புவான், தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று ஜெயித்துவிட்டு, பிறகு நமக்கு உபதேசம் செய்வான். இப்போது ஆடுவது யாரோ, குதிரையை அசைக்கவே இல்லை. பாலம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு நகர்த்தலும் பாடப்படி.

இது அண்ணன் இல்லை. அண்ணன் சொன்னதை அப்படியே கேட்கிற ஆள். உலகத்தில் அவன் பேச்சைக் கேட்ட ஆள் ஒருத்திதான் உண்டு.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறினேன். இறங்கும்போதுதான் ஏப்ரனைப் பார்த்தேன். கண்டக்டர் என்னைக் கறிக்கடைக்காரி என்று நினைத்திருப்பார்.

அண்ணி கதவைத் திறந்தாள். காதில் ஒயரில்லாத ஒரு இயர்போன். அதற்குள்ளிருந்து கொசு மாதிரி அண்ணன் குரல். அண்ணன் போனதிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை, வெளியே போகவில்லை, ஜன்னல்கூடத் திறக்கவில்லை. ஹாலில் அண்ணனுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் அவன் போன் சார்ஜில் கிடந்தது.

"அந்த சனியன என்கிட்ட குடுங்க அண்ணி."

"உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றாள்.

"என்ன மனுஷி நீங்க? அவன்னு நினைச்சு நான் பேசிட்டு இருந்தேன். பைத்தியக்காரி மாதிரி பேசிட்டு இருந்தேன். லாக் எப்படித் திறந்தீங்க?"

"எங்க கல்யாணத் தேதி. கடைசியாத்தான் போட்டுப் பாத்தேன், அதுவா இருக்காதுன்னு நினைச்சு."

போனுக்காக நீட்டிய கையை இறக்கினேன்.

"என்னைத் திட்டு, அடிக்கணும்னா அடி" என்றாள் அண்ணி. "ஆனா ஜெயிச்சுடாத. அவரு உன்கிட்ட தோத்ததே இல்லையாமே. ஆட்டம் அழிஞ்சுடும்னு அதுல போட்டிருந்துச்சு, பதறிப்போய் ஒண்ண நகத்திட்டேன். நகத்தின அப்புறம்தான் உறைச்சுது. நான் தப்பா ஆடித் தோத்தா அவரு தோத்த மாதிரிதானே? போன மனுஷனுக்கு நான் வாங்கிக் குடுக்கறது இதுவா?"

கண்ணுக்குக் கீழே கரி அப்பின மாதிரி இருந்தது. கழுத்து எலும்பு துருத்தியது. "ஒவ்வொரு தடவையும் எல்லா வாய்ஸும் முதல்லேந்து கேட்டுட்டுதான் நகத்துவேன். கேட்டு முடிச்சு, கொஞ்சம் கண்ணசரலாம்னு படுத்தா, உன் திருப்பம் உன் திருப்பம்னு கூப்பிடுது. போன்தான் கூப்பிடுதா, அவரு கூப்பிடறாரான்னு இப்பல்லாம் தெரியல. நான் தூங்கி எவ்ளோ நாளாச்சு தெரியுமா?"

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. நான் அங்கே என் அண்ணனைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆளைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்க, இங்கே இவள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்படியே விட்டால் அடுத்தது இவளைத்தான் தூக்க வேண்டும் என்று தெரிந்தது. பயந்துபோனேன்.

என் போனை எடுத்துப் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போதே ஒன்று வந்திருந்தது. லிஃப்ட் தன் திருப்பத்தை முடித்திருந்தார். ஆட்டத்தைத் திறந்தேன். திறந்த வாய் மூடவில்லை.

"அண்ணி, வாசக் குதிரைய ஏன் நகத்தினீங்க?"

"எந்தக் குதிரைய?"

திரையைக் காட்டினேன். குதிரை வாசலை விட்டுக் கிளம்பி, ஆற்றங்கரை வரை பாய்ந்து போய் நின்றுகொண்டிருந்தது. பின்னால் கோட்டை பப்பரப்பாவென்று திறந்து கிடந்தது.

"நான் இல்ல" என்றாள். "இன்னிக்கு நான் இன்னும் நகத்தவே இல்லையே. காலைலேந்து கேட்டுட்டுதான் இருக்கேன். அதைத்தான் நகத்தவே கூடாதுன்னு சொல்றாரே!"

"கண்ணசந்திருப்பீங்க. கை பட்டிருக்கும்."

"இருக்கும்" என்றாள் அண்ணி, உடனே ஒத்துக்கொண்டு.

கை பட்டால் குதிரை நகரலாம். ஆனால் 'திருப்பத்தை முடி' என்று ஒன்றை அழுத்த வேண்டும், அப்புறம் 'உறுதியா?' என்று அது கேட்கும், அதற்கும் ஒன்றை அழுத்த வேண்டும். இதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. எங்களுக்குப் பின்னால் அந்த நாற்காலி இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. கடைசியில் பார்த்தேன். நாற்காலிதான் இருந்தது.

அண்ணி மெதுவாகக் கேட்டாள். "இப்ப வாசல் திறந்திருக்கா?"

"திறந்துதான் இருக்கு."

"உன்னால உள்ள வர முடியுமா?"

"ஒரே நகத்தல். என் ஆளு ஒருத்தன் பக்கத்துலயே நிக்கறான்."

அண்ணி திரையைக் குனிந்து பார்த்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள். அவன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எத்தனை நாள் கதவை இப்படித் திறந்து போட்டுட்டு வேலைக்குப் போயிருக்காரு! நான் கத்துவேன். திரும்பி வந்து மூடுங்கன்னா வரவே மாட்டாரு."

"நான் என்ன பண்ணட்டும் அண்ணி?"

"அவருதானே திறந்து விட்டிருக்காரு. வா" என்றாள்.

விரலை வைத்தேன். விரல் நகரவில்லை. எத்தனை வருட ஆசை! ஜெயித்ததும் சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கேட்கிறவன் எங்கே? டேய், ஒருமுறை மூடிவிட்டுப் போடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலாளை வாசலுக்குள் விட்டேன். திருப்பத்தை முடித்தேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன்.

என் போனில் மேளம் அடித்தது. அண்ணன் போனில் கொடி மட்டும் கீழே இறங்கி, 'லிஃப்ட் தோற்றார்' என்று வந்தது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"தோத்தா வேற ஒண்ணும் ஆகாதா?"

"ஒண்ணும் ஆகாது அண்ணி."

இன்னும் கூப்பிடுமோ என்று சிறிது நேரம் காத்திருந்தாள். கூப்பிடவில்லை. இயர்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். சோபாவில் சாய்ந்து, காலை மேலே தூக்கிக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே தூங்கிப்போனாள். வாய் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி தூங்கினாள். நான் அவள் காலைத் தூக்கி மேலே வைத்தேன். ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டேன். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து இரண்டு போனையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருமுறை முனகாதா என்று பார்த்தேன். ஊருக்கெல்லாம் என் அண்ணன் போய் மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு அன்று மத்தியானம்தான் செத்தான். அண்ணி எழுந்துவிடக் கூடாதே என்று, மெழுகு வாடை அடிக்கிற ஏப்ரனை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.