வாலுவின் கதிர்க் கணக்கு

என் கொழுந்தியாளை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். இப்போது அவள் விண்வெளி நிலையத்தில் இருக்கிறாள். அங்கே போயும் வால்தனம் குறையவில்லை. அங்கிருப்பவர்கள் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறுகிறது என்று கீழே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது என் வேலை. சொந்தக்காரன் என்பதால் அவள் கணக்கில் கையெழுத்து மட்டும் எங்கள் தலைமை மருத்துவருடையது.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு வில்லை இருக்கும். அதற்குள்ளிருக்கும் படிகம் கதிர்வீச்சை வாங்கி வைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை அதை ஒரு கருவியில் செருகிச் சூடுபடுத்தினால் ஒளிரும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு கதிர். எண் எனக்கு வந்துவிடும்.

அந்த வாரம் மற்றவர்கள் எண் வழக்கம்போல இருந்தது. வாலுவுடையது மட்டும் ஒன்றரை மடங்கு. அடுத்த வாரமும் அப்படியே. போன பயணத்தில் வாங்கியதையும் சேர்த்தால் சீக்கிரமே வரம்பைத் தொட்டுவிடுவாள். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை.

"இன்னொரு வாரம் பார்ப்போம். குறையலைன்னா அடுத்த கலத்துல இறக்கிடுவோம். வெளிய போய் ரிப்பேர் பண்ற வேலை வேற ஆளுக்கு."

அந்த வேலைக்காக அவள் வருஷக்கணக்கில் தண்ணீர்த் தொட்டிக்குள் பயிற்சி எடுத்தவள். உடனே வாலுவைத் தொடர்பில் பிடித்தேன்.

"வில்லையக் கழட்டி எங்கயாவது ஜன்னல்ல மாட்டி வச்சியா?" என்று கேட்டேன்.

"கழட்டவே இல்ல மாமா. கருவிதான் கெட்டுப்போயிருக்கும். அந்த எண்ண அடிச்சிடுங்களேன்."

"மத்தவங்களுக்குச் சரியா காட்டுற கருவி உனக்கு மட்டும் கெட்டுப்போச்சா? இது உன் உடம்பு. அடிச்சு எழுத நான் ஆள் இல்ல!" கத்தியேவிட்டேன். இரண்டு நாள் மாற்று வில்லை போட்டுப் பார்த்தும் அதே ஒன்றரை மடங்குதான்.

என் மனைவி மட்டும் சந்தோஷத்தை மறைக்கவில்லை. அம்மா இல்லாத வீட்டில் தங்கச்சியைத் தூக்கி வளர்த்தவள் அவள். "உங்க எண்ணு நல்ல எண்ணுங்க. அவள வீட்டுக்குக் கூட்டிட்டு வருது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பேச நேரம் கொடுத்தார்கள். திரையில் வாலு தலைமுடி விரிய மிதந்தாள்.

"போன தடவ கண்ணெல்லாம் உள்ள போயிருந்துச்சு. இப்ப தேவல. நல்லா தூங்குறியாடி?" என்று கேட்டாள் என் மனைவி.

"சூப்பரா தூங்குறேன்க்கா! எங்க கமாண்டர் விடுற குறட்டைல தடுப்பே ஆடும். அதான் தூக்கப் பையத் தூக்கிட்டுப் போய் சாமான் அறைல கட்டிக்கிட்டேன். அவர்கிட்ட சொல்லிடாத, பாவம், மனசு கஷ்டப்படுவாரு."

நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். படுக்கும் அறைகளைச் சுற்றித்தான் கதிரைத் தடுக்கத் தண்ணீர்ப் பைகளை அடுக்கியிருக்கிறோம். பாதி காலியாகிவிட்ட சாமான் அறையில் வெறும் உலோகச் சுவர்தான். வில்லை எங்கே இருந்தது என்று குடைந்தேனே தவிர, இவள் எங்கே படுக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

"அடி கழுத! காதுல பஞ்ச அடைச்சுக்கிட்டு மரியாதையா உன் அறைக்குப் போ!"

"இதுக்கா மாமா இவ்வளவு கூத்து?" என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அடுத்த வாரம் அவள் எண் மற்றவர்களோடு ஒட்டி வந்து நின்றது. ஏறினது ஏறினதுதான், அதைக் கழிக்க முடியாது. ஆனாலும் மிச்ச நாட்களுக்கு இடம் இருந்தது. மருத்துவர் கையெழுத்துப் போட்டார். ரிப்பேர் வேலை வாலுவுக்கே என்று முடிவானது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தூங்குறியான்னு நான் கேக்காம இருந்திருந்தா, அவ வந்திருப்பா இல்ல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வந்திருப்பா" என்றேன்.

கையிலிருந்த துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, இருந்துட்டுப் போறா. அவ தலைமாட்டுல ரெண்டு தண்ணிப் பை கூடுதலா வைக்கச் சொல்லுங்க."

எடையே இல்லாத இடத்தில் தலைமாடு ஏது, கால்மாடு ஏது என்று கிண்டல் நுனிநாக்குவரை வந்தது. அடக்கிக்கொண்டு, சொல்கிறேன் என்றேன்.