புதுப் பஞ்சாங்கம் வருமுன் ஒரு ரிக்கெற்

1

இந்தக் கதை எனக்கு யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில், வரிசையில் நின்றபோது கிடைத்தது. எனக்கு முன்னால் நின்றவர் உடுவில் ஊர் உதயகலா. (பெயர்கள் நான் வைத்தவை.) சென்னையில் மகள் ஆரபிக்கு ஆண் குழந்தை. அதன் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு, அதாவது பிறப்புத் தீட்டுக் கழிக்கும் சடங்குக்கு, போகிறார். அது சித்திரையில் வருகிறது. அன்று இன்னும் பங்குனி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘விமானங்கள் பறவைகளைப் போல…’ விட்டுவிட்டேன். பறவையிடம் யாரும் திரும்பல் ரிக்கெற் கேட்பதில்லை.

2

கவுண்டரில் இருந்த சிவகரன் கேட்டது அதைத்தான்.

(ஏன் கேட்கிறார்கள் என்று சொல்லாமல் என்னால் கதையை நகர்த்த முடியாது. போய் இறங்கியவரை அந்த நாடு உள்ளே விடாவிட்டால், ஏற்றிச் சென்ற நிறுவனமே திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஆகவே ஏறுமுன்னரே பார்க்கிறார்கள்: இவர் எப்படி வெளியேறுவார்? ஊருக்கே திரும்ப வேண்டும் என்றில்லை. வேறொரு நாட்டுக்குப் போகும் ரிக்கெற்றும் பெரும்பாலும் போதும். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு.)

உதயகலாவிடம் போகிற ரிக்கெற் மட்டுமே இருந்தது. திரும்புவதற்கு நல்ல நாள் பார்க்கப் புதுவருடப் பஞ்சாங்கம் வேண்டும். அது இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

3

கணவர் தியாகலிங்கம் பழைய பஞ்சாங்கத்துடன் வெளியே நின்றார். கைபேசியில் அவர் குரல் வரிசை முழுவதற்கும் கேட்டது.

“பங்குனியிலை ரெண்டு நல்ல நாள் கிடக்கு. வாற புதனே வசதி.”

“புதனுக்குத் திரும்பினா, முப்பத்தொண்டுக்குப் பேரனை ஆர் தூக்கிறது?”

“பங்குனிக்கு அங்காலை இந்தப் பஞ்சாங்கத்திலை தாள் இல்லையப்பா.”

“தாள் இல்லையோ, உங்களுக்குச் சமைக்க ஆள் இல்லையோ?”

சிவகரன் குனிந்து சிரித்தார். “அம்மா, கவுண்டர் பூட்டப்போறம். ஒரு திகதி சொல்லுங்கோ. உங்கடை போனிலையே எடுக்கலாம்.”

“அட்டமியிலை விழுந்தா என்ன செய்யிறது தம்பி?”

“போன அட்டமியிலையும் பிளேன் வந்ததம்மா. சுகமாத்தான் இறங்கினது.”

4

முதல் முடிவில் உதயகலாவை வீட்டுக்கு அனுப்பினேன். மகளுக்கென்று இடித்த பத்தியத் தூளோடு அவர் வாசலில்… அழித்தேன். இரண்டாவதில் அந்தப் புதன்கிழமையைப் பதிந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதையும் அழித்தேன்.

நடந்தது இதுதான்: அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டு, திரையில் திகதிகளைத் தள்ளினார். சித்திரை பிறந்தது. முப்பத்தொன்று கழிந்தது. இன்னும் தள்ளினார். ஓரிடத்தில் விரல் நின்றது; அந்த நாளுக்கே ரிக்கெற் எடுத்தார். சிவகரன் அதைப் பார்த்துத் தலையசைத்து, போர்டிங் பாஸை நீட்டினார்.

கைபேசி மறுபடி அடித்தது.

“எண்டைக்குப் போட்டிருக்கிறீர்?”

“புதுப் பஞ்சாங்கம் வரட்டும், சொல்லுறன். போயிட்டு வாறன்.”

5

திகதியை நான் எட்டிப் பார்த்தேன், எழுதப்போவதில்லை. அதை நீங்களே வையுங்கள். தியாகலிங்கம் சோறு வடிக்கப் பழகும் அளவுக்காவது தள்ளி வையுங்கள்.