பச்சைப் புள்ளி

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கௌசி மிஸ் கிருஷாந்தி வீட்டுச் சுவருக்கு நேரே கைப்பேசியை உயர்த்திப் பிடித்தாள். சுவரில் படம் எடுக்க ஒன்றுமே இல்லை. நேற்றுத்தான் கிருஷாந்தியின் புருஷன் அழகன் வெடிப்பு முழுவதையும் சீமெந்து பூசி அடைத்து, மேலே சுண்ணாம்பும் அடித்து, தள்ளி நின்று அழகு பார்த்திருந்தான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கெம்பஸிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வீடு வீடாக வருவார்கள், படித்தவர் படிக்காதவர் யாரும் சேர்ந்துகொள்ளலாம் என்று கோயில் ஒலிபெருக்கியில் சொன்னார்களே தவிர, வெடிப்பைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று யார் சொன்னது? உடப்புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில், வரிசை வீடுகள் கொண்ட எந்த லயத்தில் விருந்தாளிக்கு வெடித்த சுவரைக் காட்டுவார்கள்? எல்லாரும் பூசிச் சுண்ணாம்பு அடித்ததில் லயம் முழுக்க மாப்பிள்ளை வீட்டார் வரப்போகும் வீடு மாதிரி பளிச்சென்று நின்றது.

விஷயம் காலைக் கூட்டத்தில்தான் தெரிந்தது. போன மழையில் மேல்மலை சரிந்ததல்லவா, இனி எந்த வீடு ஆபத்தில் இருக்கிறது என்று மக்களோடு சேர்ந்து படம் எடுத்து, எவரும் பார்க்கக்கூடிய வரைபடத்தில் ஏற்றும் நாளாம். வெடிப்புள்ள வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி, மற்றதுக்குப் பச்சை. சிவப்புப் புள்ளி விழுந்த வீடுகளுக்கு முதலில் மாற்றிடம் கொடுங்கள் என்று அதை வைத்தே கேட்கலாமாம். விதியையும் எல்லாரையும் கேட்டுத்தான் போட்டார்கள். படத்தில் தெரிவதை மட்டும் பதிவோம் என்றபோது கிருஷாந்தியும் கையைத் தூக்கினாள். ஒரு கூட்டத்தில் அவளிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. பெருமையாகக்கூட இருந்தது.

“வெடிப்பு பூச்சுக்கு உள்ளுக்கு இருக்குங்க மிஸ்,” என்றாள் கிருஷாந்தி சுவரைத் தொட்டு. “கையே போகும். மக பிரேமினி அதுக்குக் கிட்டதான் படுக்குறா.”

“நான் நம்புறன் அக்கா,” என்றாள் யாழ்ப்பாணத்துக் கௌசி. முகம் வாடிவிட்டது. “ஆனா நான் நம்புறதைப் பதிய ஏலாது. எல்லாரும் சேர்ந்து போட்ட விதியெல்லோ.”

அழகன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துவந்து சுவரைச் சுரண்டினான். ஈரம் காயாத சீமெந்து பாளம் பாளமாக விழுந்தது. வெடிப்பும் வெளியே வந்தது. ஆனால் அதன் இரண்டு பக்கமும் கத்திக் கீறல். கௌசி படம் எடுத்துப் பார்த்தாள். மறுபடி எடுத்தாள். எப்படி எடுத்தாலும் இப்போதுதான் யாரோ வெட்டிய மாதிரியே இருந்தது.

“போதும், விடுங்க,” என்று கிருஷாந்தி அவன் கையைப் பிடித்தாள்.

பின்னேரம் வரைபடத்தைக் கோயில் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். லயம் முழுக்கப் பச்சை. தன் வீட்டைக் கண்டுபிடித்த பிரேமினி சந்தோஷமாகக் கை தட்டினாள். கிருஷாந்திக்கு அவளை அதட்டவும் மனம் வரவில்லை.

மழை பிடிப்பதற்குள் வீட்டுக்கு வந்தார்கள். அழகன் மகளின் பாயை எதிர்ச்சுவர் ஓரமாக இழுத்துப் போட்டான். அறையின் அகலம் அவ்வளவுதான். பிள்ளை காலை நீட்டியதும் பாதம் வெடித்த சுவரில் முட்டியது.