பத்து மில்லிகிராம் நிலா

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அடுப்புக்காரி என்று பெயர். சமையல் அடுப்பு இல்லை. நிலாவின் மண்ணைப் படிப்படியாகச் சூடாக்கி, வெளிவரும் வாயுவில் கார்பன் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று அளக்கிற அடுப்பு. பத்து மில்லிகிராம் மண்ணுக்காக மூன்று வருஷம் கெஞ்சிக் கூத்தாடியிருந்தாள். வீணானால் இந்த ஜென்மத்தில் இன்னொரு சிட்டிகை கிடையாது.

இயக்குநருக்குத் துருத்தி என்று பெயர். கண்ணாடியோ நாற்காலியோ, எதைத் தொட்டாலும் முதலில் 'உஃப்' என்று ஊதுவார்.

அன்று கார்பன் எகிறியது. இதுவரை யாரும் பார்க்காத அளவு! துருத்திக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகைக்காரர்களை நாலு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்.

அவளுக்கோ சந்தேகம் தட்டியது. நிலா மண்ணில் சூரியன் புதைத்த கார்பன் அறுநூறு டிகிரிக்கு மேல்தான் வெளியே வரும். இது முந்நூறிலேயே வந்து தீர்ந்துவிட்டது. முந்நூறில் வருவதெல்லாம் நம் பூமியின் அழுக்கு. ஆறிய கிண்ணத்தை எடைபோட்டாள். வெறும் கிண்ணத்தின் எடைதான் இருந்தது; மண்ணைக் காணோம்.

"சார், காலைல மண்ணைக் கிண்ணத்துல போட்டதும் வந்து பாத்தீங்களே, ஊதினீங்களா?"

"சேச்சே! நிலாவைப் போய் யாராவது ஊதுவாங்களாம்மா?" என்றவர், அதே மூச்சில் கண்ணாடியைக் கழற்றி 'உஃப்' என்றார். தான் ஊதியது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. "ஐயையோ! அப்ப அந்தக் கார்பன்?"

"உங்க மீசை முடி ஒண்ணு விழுந்து கருகியிருக்கும்." சொல்லிக்கொண்டே உற்றுப் பார்த்தாள். கறுப்பு மை பூசிய மீசையில், ஊதியபோது எகிறி ஒட்டிய சாம்பல் நிறத் தூள் பளிச்சென்று தெரிந்தது. "அசையாதீங்க சார்! கத்தரிக்கோல் எடுத்துட்டு வரேன்."

"முப்பது வருஷ மீசைம்மா!"

"இது முந்நூறு கோடி வருஷ மண்ணு சார்! வாயை மூடுங்க!"

இயக்குநரை அப்படி அதட்டியது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மீசையை மொத்தமாக வெட்டி, ஆல்கஹாலில் அலசி, அடியில் தங்கிய மண்ணைக் காயவைத்தாள். ஏழு மில்லிகிராம் தேறியது.

நாலு மணிக்கு வந்தவர்கள் துருத்தியிடமே, "இயக்குநர் எங்க?" என்று கேட்டார்கள்.

"வெளியூர் போயிருக்கார்," என்று நழுவினார்.

மறுநாள் அடுப்பு ஏறியது. மண்ணோடு ஒட்டியிருந்த மையும் மீசைத் துணுக்கும் ஐந்நூறுக்குள் எரிந்து ஒழிந்தன. அறுநூறைத் தாண்டியதும் துளி கார்பன் வந்தது. எல்லாருக்கும் வருகிற அதே சாதாரண அளவு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

படிவத்தில் 'மண் எடுக்கப்பட்ட இடம்' என்ற கட்டத்தில் 'நிலா, பிறகு இயக்குநரின் மீசை' என்று எழுதி நீட்டினாள். துருத்தி வாசித்தார். 'உஃப்' வந்துவிடாமல் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கையெழுத்துப் போட்டார்.