நாலு மணி வண்டி

ஸாஸ்ட்ரோவின் வேலிக்குப் பக்கத்தில் வந்ததும் மாரிட் பிரேக்கை அழுத்தி ஒரு காலை ஊன்றி நின்றாள். தடத்தின் சுண்ணாம்புக்கல் பொடி டயரிலிருந்து எழும்பி அவள் கெண்டைக்காலில் வெள்ளையாகப் படிந்தது. தண்ணீர்க் குப்பியை எடுத்து இரண்டு மடக்கு குடித்தாள். பிறகு கைப்பிடியிலிருந்த பித்தளை மணியை இரண்டு முறை அடித்தாள். அவசரமே இல்லை. ஒன்று முழுதாக ஓய்ந்த பிறகுதான் இன்னொன்று. சமையலறை ஜன்னலில் கிழவனின் நரைத்த தலை தெரிந்தது. திரை இழுபட்டது. அவ்வளவு போதும். குப்பியைச் செருகிவிட்டு மிதிக்கத் தொடங்கினாள்.

மூன்று வருடமாக இதேதான். தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை மூன்றேகாலுக்குக் கொட்டகையில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு, தடித்த டயர் போட்ட சைக்கிளில் ஏறினால் ஐந்து மைல். பழைய ரயில் பாதை அது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சைக்கிள்களுக்காகச் சரளை கொட்டியிருந்தார்கள். ஏற்றமே இல்லாமல் நீண்டு கிடக்கும். இருபுறமும் சோளக்காடு, அப்புறம் தேவதாரு மரங்கள், அப்புறம் ஏரி. நாணல்களுக்குள் கொக்குகள் கழுத்தை நீட்டி அவளைப் பார்க்கும். சிகாகோவிலிருந்து வருகிறவர்கள் அந்த இடத்தில் நின்று படமெடுத்துக்கொள்வார்கள். மாரிட் ஏரியைப் பார்த்து வெகுநாளாயிற்று. ஏரி முடிந்ததும் வரும் வளைவு, வளைவு முடிந்ததும் வரும் வீடு, அந்த வீட்டின் ஜன்னல். அதற்காகத்தான் அவள் கால்கள் மிதித்தன.

அந்த வளைவில்தான் அவள் மகன் ஆரின் செத்தான். அக்டோபர் மாதம், பொழுது சாயும் நேரம். இரண்டு பெண்கள் சைக்கிளில் வந்தபோது அவன் தடத்தில் கிடந்தான். கழுத்தில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. கம்பி ஏதும் அங்கே இல்லை. இருபுறத்து ஓக் கம்பங்களில் மட்டும் புதிதாகக் கம்பி கட்டித் தேய்ந்த தழும்பு இருந்தது. நாலு சக்கர மோட்டார் வண்டிகளில் பையன்கள் தடத்துக்கு வந்து மாடுகளை மிரட்டுகிறார்கள் என்று அந்தக் கோடை முழுக்கக் கத்திக்கொண்டிருந்தவன் டெல்பர்ட் ஸாஸ்ட்ரோ ஒருவன்தான். "நான் கொட்டில்ல பால் கறந்துட்டிருந்தேன்" என்றான். அந்த மாதிரி வேலிக் கம்பி அந்தப் பக்கத்தில் எல்லார் கொட்டிலிலும் இருந்தது. ஒன்றும் நிரூபிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு காகிதப் பையில் ஆரினின் சாமான்களைக் கொடுத்தார்கள். உடைந்த கண்ணாடி, ஒற்றைக் கையுறை, சைக்கிள் மணி. மணியை மட்டும் மாரிட் தன் வண்டியில் பொருத்திக்கொண்டாள்.

முதல் வருடம் ஊரே அவள் பக்கம் நின்றது. ஊரார் கூடும் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போனால் யாராவது தோளைத் தட்டுவார்கள். இரண்டாம் வருடம் பேச்சு கொஞ்சம் மாறியது. மூன்றாம் வருடம், காபிக் கடை லோரெட்டா நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏண்டி, நீ அடிக்கற மணியில கெழவன் செத்துட்டான்னா அப்புறம் என்னடி பண்ணுவே?"

"சாகக் கூடாது. நல்லா சாப்பிட்டு நூறு வயசு இருக்கணும். தெனம் நாலு மணிக்கு ஜன்னல்ல நிக்கணும்."

லோரெட்டா சிரிக்கவில்லை. கேக்குத் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு மேசையைத் துடைக்கப் போய்விட்டாள்.

ஷெரீப் ஆபீஸிலிருந்து கர்ட்டும் ஒருநாள் வந்தான். ஆறு வருடம் அவள் பேருந்தில் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன். இடுப்பில் துப்பாக்கியோடு வந்தாலும் அவளுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் நின்றான்.

"தப்புன்னு சொல்லல, மாரிட். பொதுத் தடந்தான். ஆனா அவருக்கும் எழுபத்தாறு ஆகுது. வீட்டம்மாவுக்கும் நெனப்பு சரியில்ல. கொஞ்சம் விட்டுக் குடுக்கலாமில்ல?"

"வளைவுல மணி அடிக்கணும்னு பலகை வெச்சது யாரு? நீங்கதானே? நான் சட்டப்படி போறேன், கர்ட்."

இந்த வருடம் செப்டம்பரில் அவள் முழங்கால் வீங்கிக்கொண்டது. பத்து நாள் சைக்கிளைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். ஐஸ் பையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு சோபாவில் கிடந்தவளுக்கு, நாலு மணி ஆனால் உடம்பெல்லாம் பரபரத்தது. அவன் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருப்பான். அந்த நினைப்புதான் வலியைவிட மோசமாக இருந்தது.

பதினோராம் நாள் அவள் வளைவைத் திரும்பியபோது ஸாஸ்ட்ரோ வேலிக்கு வெளியே, தடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். மேலுடுப்பின் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். சண்டைக்குத்தான் நிற்கிறான் என்று நினைத்ததும் அவளுக்கு மார்புக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. மூன்று வருடமாக இதற்குத்தானே காத்திருந்தாள்.

"பத்து நாளா ஏன் வரல?" என்றான் அவன்.

மாரிட் பிரேக்கை அழுத்தி நின்றாள்.

"என் வீட்டுக்காரி வெர்னா வாசலுக்கும் உள்ளுக்குமா அலையறா. சாப்பிட மாட்டேங்கறா. அவ அப்பா இந்த ரயில் லைன்ல வேலை பாத்தவரு. நீ மணி அடிச்சா நாலு மணி வண்டி வந்துருச்சுன்னு எழுந்துக்குவா. அக்கா ஆர்டிஸ் அதுல வராளாம். ரெண்டு கப் எடுத்து வெப்பா. தலை சீவிக்குவா. அந்த ஒரு மணி நேரந்தான் அவ மனுஷியா இருக்கா." ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். "நிறுத்திடாதே. அதைக் கேக்கத்தான் நின்னுட்டிருக்கேன்."

முகத்தில் யாரோ அறைந்தது போல இருந்தது மாரிட்டுக்கு. ஆயிரம் நாள். மழையில், முழங்கால் தேயத் தேய, இந்த வீட்டுக்கு அவள் சந்தோஷத்தையா கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தாள்? திரை இழுபட்டதெல்லாம் வெட்கத்தால் இல்லையா? கிழவிக்கு வெயில் கண்ணில் படாமல் இருக்கவா?

"கம்பி கட்டினது நீதானே?" என்றாள்.

அவன் ஏரிப் பக்கம் பார்த்தான்.

"என் மணி வேணும்னா வாயத் தொற."

"நாந்தான்." என்றான். "அந்தப் பசங்க வண்டிக்குத்தான் கட்டினேன். சைக்கிள் அந்நேரத்துக்கு வரும்னு நெனைக்கல."

"கம்பி எங்க போச்சு?"

"சத்தம் கேட்டு ஓடி வந்தேன். பாத்தேன். மொதல்ல கம்பிய வெட்டி எடுத்தேன்."

"மொதல்ல." அந்த ஒரு சொல்லை மாரிட் திருப்பிச் சொன்னாள். "அப்போ உசிரு இருந்துதா?"

"தெரியல."

"டெல்பர்ட்."

"இருந்துது. கை அசைஞ்சுது. போன் பண்ணத்தான் வீட்டுக்கு ஓடினேன். அதுக்குள்ள அந்தப் பொம்பளைங்க கத்தற சத்தம் கேட்டுது. அவங்க பாத்துக்குவாங்கன்னு… போனைக் கையில வெச்சுக்கிட்டே நின்னுட்டேன்."

தூரத்தில் யாரோ சோளம் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாரிட் சைக்கிளிலிருந்து இறங்கினாள். அவனை அடித்துக் கீழே தள்ள அவளுக்குப் பலம் இருந்தது. அதைவிடப் பெரியது கையில் சிக்கியிருக்கிறது என்பதும் தெரிந்தது.

"நாளைக்குக் கர்ட் ஆபீஸுக்குப் போ. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. மொதல்ல எதப் பண்ணினேன்னும் சொல்லு. அப்புறந்தான் வருவேன்."

"என்னை உள்ள வெச்சுட்டா இவள யாரு பாத்துக்கறது?"

"என் வீட்லயும் யாரும் இல்ல."

சைக்கிளைத் திருப்பினாள். ஜன்னலில் வெர்னாவின் முகம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. மாரிட்டின் கட்டைவிரல் மணியின்மேல் இருந்தது. அடிக்கவில்லை. அடிக்காமல் போவது இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்கு முன்பே தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டே ஐந்து மைலும் மிதித்தாள்.

மறுநாள் அவள் வளைவுப் பக்கம் போகாமல் ஏரியின் வடகரைக்குப் போனாள். எதிர்காற்றில் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம் பேருந்துக் கொட்டகைக்குக் கர்ட் வந்தான். தொப்பி கையில் இருந்தது.

"ஸாஸ்ட்ரோ காலைல அவராவே வந்தாரு, மாரிட். எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நாங்க கேக்காததையும் சொன்னாரு. வெட்டின கம்பியக்கூடச் சாக்குல சுத்திக் கொண்டுவந்தாரு. இன்னிக்கு வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க."

அவள் தலையை ஆட்டினாள். வெர்னாவைப் பற்றிக் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"பாதிரியாரோட சம்சாரம் வெர்னாகூட இருக்காங்க. அண்ணன் பொண்ணு மில்வாக்கியிலேர்ந்து வரணும்."

அவன் இல்லாத ஜன்னலைப் பார்க்கத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாரிட் அன்று சைக்கிளை எடுத்தாள். கால்கள் இருபது வயதுக்காரியின் கால்கள் போல மிதித்தன. ஜெயித்துவிட்டாள். ஆரின், சொல்ல வெச்சுட்டேன்டா என்று வாய்விட்டே சொன்னாள். கொக்குகள் எழும்பிப் பறந்தன. வளைவு வரைக்கும்தான் அது. வளைவு முடிந்ததும், ஜெயித்த பிறகு என்ன செய்வது என்பதை ஒருநாள்கூட யோசிக்கவில்லையே என்று தோன்றியது.

வெர்னா தடத்தின் நடுவில் நின்றிருந்தாள். வீட்டுச் செருப்பு. நீலக் கோட்டு. ஈரமாகச் சீவிய தலை. வீட்டுக்குள்ளே பாதிரியாரின் மனைவி யாருடனோ போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். மாரிட் மணியைத் தொடவே இல்லை. ஆனாலும் அந்தக் கிழவி வெளியே வந்திருந்தாள்.

"லேட்டு, ஆர்டிஸ்," என்றாள் வெர்னா கடிந்துகொண்டு. "ரெண்டு நாளா லேட்டு. டெல்பர்ட் உன்னக் கூட்டிட்டு வரத்தான் ஸ்டேஷனுக்குப் போயிருக்கான். வழியில பாக்கலயா?"

 பார்க்கவில்லை என்று மாரிட் தலையசைத்தாள்.

"வருவான். மொதல்ல இத இப்படிக் குடு, எவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கே."

அவள் குனிந்து, கைப்பிடியில் கட்டியிருந்த பையின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். முடிச்சு அவிழ்க்கத் தெரிந்த விரல்கள். பைக்குள் ஒரு டியூப், காற்றடிக்கும் பம்பு, மழைக்கோட்டு, பாதி தின்ற வாழைப்பழம். அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பு சரளையில் சரக்சரக்கென்று தேய, திரும்பிப் பார்க்காமல் வேலியைத் தாண்டி நடந்தாள்.

மாரிட் சைக்கிளைப் பிடித்தபடி தடத்திலேயே நின்றாள். பை அவன் வீட்டுப் படியேறியது. உள்ளே போயிற்று. கதவு சாத்தப்படாமல் அப்படியே திறந்து கிடந்தது.