எந்த மரத்துப் புல்லுருவி?

மூட்டைக்குள் கையை விட்டதுமே தங்கைக்குச் சுருக்கென்றது. புல்லுருவிக் கட்டு ஒன்றில்கூட மரத்துண்டு இல்லை.

அவர்களுடைய நாட்டு மருந்துக் கடையில் மரத்துண்டு இருந்தாகவேண்டும் என்பது எழுதாத சட்டம். புல்லுருவி ஏதாவது ஒரு மரக்கிளையில் வேரை இறக்கி உறிஞ்சி வளர்கிற ஜென்மம். மாமரத்தில் வளர்ந்தால் ஒரு குணம், புளியமரத்தில் வளர்ந்தால் வேறு குணம். எட்டிமரத்தில் வளர்ந்ததோ, அதன் விஷத்தையும் சேர்த்தே குடித்திருக்கும். அதனால்தான் ஒட்டிய கிளையில் ஒரு துண்டையும் விட்டு வெட்டுவார்கள். பட்டையைப் பார்த்தால் மரம் தெரிந்துவிடும். இந்தக் கட்டுகளில் அதை மொழுமொழுவென்று சீவியிருந்தார்கள். யோக்கியன் எவனாவது சீவுவானா?

"அண்ணா, இது எந்த மரத்துது?"

"மாமரம்னுதான் வித்தவன் சொன்னான்" என்றான் அண்ணன், தராசைத் துடைத்துக்கொண்டே.

"சொன்னானா? நீ பாக்கலையா?"

"மலிவா வந்துச்சு, வாங்கிட்டேன். எல்லாம் புல்லுருவிதானே? அரைச்சு வை. சாயங்காலம் தையல்காரர் வருவார்."

தையல்காரர் தனிக்கட்டை. முழங்கால் வலியில் மிஷினை மிதிக்க முடியாமல் தவிக்கிறவர். கஷாயத்தைக் குடித்துவிட்டுச் சுருண்டு விழுந்தால் ஏனென்று கேட்க நாதியில்லை.

"நான் அரைக்கமாட்டேன்."

உள்ளேயிருந்து அண்ணி வந்தாள். "புருஷன் வேணாம்னு வந்து இங்க ஒட்டிக்கிட்டதும் இல்லாம, அதிகாரம் வேறயா? இந்தக் கடையில பெரிய புல்லுருவியே நீதான்டி!"

ஒட்டிக்கொண்டாளாம்! விடிந்ததிலிருந்து அரவை மிஷின் முன்னால் தும்மித் தும்மிச் சாகிறவள் யார்? தங்கைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கொதிக்கவைத்து, வடிகட்டி, தம்ளரை அண்ணன் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"உனக்கும்தானே முழங்கால் வலி? மாமரத்துதுன்னா குடி, பாப்போம்."

அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தம்ளரைத் தூக்கினான். தட்டிவிடத் தங்கை கையை நீட்டுவதற்குள் அண்ணி பாய்ந்து பிடுங்கினாள்.

"ஐயோ, வேணாங்க!"

கஷாயம் அவள் புடவையெல்லாம் கொட்டியது.

"உங்க புருஷன் கையிலேர்ந்து பிடுங்க நீங்க இருக்கீங்க அண்ணி" என்றாள் தங்கை. "அந்தத் தையல்காரருக்கு யார் இருக்கா?"