இடம் மாறிய ஏரி

1

மற்றவர்களுக்குக் கதை கனவில் வருகிறதாம், குளிக்கும்போது வருகிறதாம். எனக்கு வழவழத் தாளில், மூன்று மடிப்பாக, நாலு வண்ணத்தில் வந்தது. அந்தத் துண்டுப் பிரசுரத்தை எழுதியவனும் நானேதான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்தால் என் மேல் இருக்கும் கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விடும்.

ஊரின் ஓரத்தில் ஒரு நிறுவனம் தொழில்நுட்ப நகரியம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறது. கணினி அலுவலகங்களுக்கு இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள், ஒரு கடைவளாகம், பொத்தானை அழுத்தினால் அலையடிக்கும் குளம், ராட்சத ராட்டினம், வெட்டி நிரப்பிய ஏரி, எல்லாவற்றுக்கும் நடுவில் குடியிருப்பு. அங்கே கதவு முகம் பார்த்துத் திறக்கும், லிஃப்ட் நலம் விசாரிக்கும், வரவேற்பறையில் ரோபோ காப்பி நீட்டும். ரோபோ பேச வேண்டியதையும் பிரசுரத்தையும் எழுத ஓர் எழுத்தாளர் தேவைப்பட்டார். நான் நான்கு புத்தகம் எழுதியவன். நான்கும் பெரும்பாலும் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன என்பதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏரியைப் பார்த்த வீடுகளுக்காக நான் எழுதிய வரி: ‘கண் திறந்தால் தண்ணீர்.’ அதற்கு நிறுவனத்தில் கைதட்டினார்கள். என் புத்தகங்களுக்கு யாரும் கைதட்டியதில்லை.

(அடிக்குறிப்பில் போட வேண்டியது, இங்கேயே போடுகிறேன். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் என் மனைவி. கையில் பென்சிலோடுதான் படிப்பாள். பிடிக்காத இடத்தை விட்டுவிடுவாள். நம்பமுடியாத இடத்தில் மட்டும் ஓரத்தில் ‘பொய்’ என்று எழுதுவாள். என் நான்காவது புத்தகத்தின் கைப்பிரதியில் அந்தச் சொல் நூற்றுப்பதினேழு இடத்தில் இருக்கிறது. ‘கண் திறந்தால் தண்ணீர்’ இருந்த தாளை அவள் ஒரு குறியும் இல்லாமல் திருப்பித் தந்தாள். கல்யாணமாகி அதுதான் முதல் தடவை. இதை மறந்துவிடாதீர்கள்.)

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். விழுந்த சில்லுகளைக் காட்டுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘மாலைச் சூரியன் அந்தக் கண்ணாடிக் கோபுரங்களின் மேல் தன் தங்க விரல்களால்—’

நிறுத்திவிட்டேன். என் நான்கு புத்தகங்களிலும் சூரியன் ஓய்வில்லாமல் தங்கம் பூசியிருக்கிறது. அதற்கும் வயதாகிறது.

இரண்டாவது: ‘அன்று அந்த ரோபோ முதல்முறையாக அழுதது.’ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் பார்த்த ரோபோ பத்தடி போய்ப் பூந்தொட்டியில் முட்டிக்கொண்டு ‘தங்கள் வருகைக்கு நன்றி’ என்று தொட்டியிடம் சொல்லும். அழுதால் அங்கே தரை துடைக்கிற அம்மாதான் அழ வேண்டும். ரோபோவைக் கதையிலிருந்து நீக்கிவிட்டேன். கடைசியில் ஒரு தடவை தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: ‘ஒருவன் ஒரு தாளைப் புரட்டி வைத்துவிட்டான்.’

இதில் அழகு எதுவும் இல்லை. ஆனால் நடந்தது இதுதான்.

3

புரட்டி வைத்தவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. விரல் நுனியில் எப்போதும் பசை காய்ந்திருப்பதால் வீட்டில் அவனுக்குப் பெயரே பசை. ஒரு கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்னால் அதைச் சின்னதாகச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள் அல்லவா, மாதிரி வடிவம் என்பார்கள், அதைச் செய்வதுதான் அவன் தொழில். நிறுவனத்தில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவன்தான்.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பொறியாளர் தரும் வரைபடத்தின் மேல் அடியில் இருப்பது ஊடே தெரிகிற மெல்லிய டிரேசிங் தாளைப் பரப்பி, கோடுகளை மட்டும் படியெடுப்பான். எழுத்து ஒன்றுகூட எழுதமாட்டான். எழுத்து கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும், கை கோட்டை விட்டுவிடும் என்பான். அப்புறம் அந்தத் தாளைப் பலகை மேல் ஒட்டி, கோட்டின்படி அறுப்பான். இருபது வருஷமாக இப்படித்தான் செய்கிறான், ஒரு தடவையும் தப்பியதில்லை.

இந்த நகரியத்துக்கான தாளை ஒட்டிய அன்று அவன் அக்கா பட்டறைக்குப் போயிருந்தாள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. தம்பியின் மேசைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தவள், வழக்கத்தில் இல்லாத விதமாகத் தனக்கு வேண்டியதைச் சொன்னாள்.

“பதினெட்டு வருஷமா டியூப் லைட்டையே பாத்தாச்சுடா. வெளியில மழை பெய்யுதான்னு அடுத்தவங்க குடையைப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கறேன். ஒரு ஜன்னல் வேணும். காலையில எந்திரிச்சா தண்ணி தெரியணும். அவ்வளவுதான்.”

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அக்கா எதையும் வேண்டும் என்று சொல்லி அவன் கேட்டதில்லை. கை தன்பாட்டில் பசையைத் தடவியது, தாளை எடுத்தது, ஒட்டியது. தாளின் அடிப்பக்கம் மேலே வந்துவிட்டது. கோடுகள் எந்தப் பக்கம் பார்த்தாலும் கோடுகளாகவே தெரியும். அதில் ஒரே ஓர் எழுத்து இருந்திருந்தால் இடம் வலம் மாறி நின்று காட்டிக்கொடுத்திருக்கும்.

ஆக, குடியிருப்புக்கு ஒரு பக்கம் இருக்க வேண்டிய ஏரி மறுபக்கம் போனது. ஏரி இருந்த இடத்துக்கு ராட்டினம் வந்தது. மாதிரி முடிந்ததும் அவன் நகம் அளவில் ஒரு பெண்ணைச் செய்து, பச்சை உடை தீட்டி, ஒன்பதாம் மாடியில் ஏரி பார்த்த ஜன்னலில் இடுக்கியால் நிறுத்தினான். அதுதான் அக்கா.

விற்பனைக் கூடத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் மாதிரியைத்தான் பார்த்தார்கள், வரைபடத்தைப் பார்க்கவில்லை. பொறியாளர்கள் வரைபடத்தைத்தான் பார்த்தார்கள், மாதிரியைப் பார்க்கவில்லை. என் மனைவி பச்சைப் பெண் நின்ற ஜன்னலைத் தொட்டுக் காட்டி, “இது” என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். நாற்பது பக்க ஒப்பந்தம். அதில் வரைபடமும் இருந்தது. நான் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். மூன்று பிழை கண்டுபிடித்துப் பெருமைப்பட்டேன்.

4

ராட்டினத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது மைத்துனன் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனான். குழி, ஒன்பதாம் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. இடம் தவறித் தோண்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான், மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் கண்டிக்கவும் செய்தான். பிறகு பட்டறைக்கு வந்து பழைய தாளைத் தேடியெடுத்து வரைபடத்தின் மேல் வைத்தான். பொருந்தவில்லை. புரட்டி வைத்தான். ஒரு கோடு விலகாமல் பொருந்தியது. நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான்.

“மாமா, அக்கா வீட்டு ஜன்னல்ல ஏரி இல்ல, ராட்டினம். ஆளுங்க பெட்டி பெட்டியா மேல வந்து எட்டிப் பாத்துட்டுப் போவாங்க. நான்தான் தாளைப் புரட்டி ஒட்டிட்டேன். அக்கா வரட்டும், இப்பவே சொல்லிடறேன்.”

முதல் வரைவில் இந்த இடத்தை இப்படி எழுதியிருந்தேன்: ‘சொல்ல வேண்டாம் என்று மைத்துனன் என் கையைப் பிடித்துக் கெஞ்ச, நான் நியாயத்தின் பக்கம்—’

அடித்துவிட்டேன். கையைப் பிடித்தவன் நான். அவள் களைத்துப்போய் வருவாள், நல்ல சமயம் பார்த்து நானே சொல்கிறேன் என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தேன். அந்த நல்ல சமயம் ஐந்து மாதமாக வந்துகொண்டே இருக்கிறது.

ஏன் என்று கேட்பீர்கள். அடுத்த கட்டத்துப் பிரசுரங்களும் எனக்குத்தான் என்று நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள், அது ஒன்று. இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நான் எழுதியதில் அவள் முழுசாக நம்பியது அந்த ஒரு வரியைத்தான். அதன் ஓரத்தில் நானே ‘பொய்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கட்டுமான இடத்தைப் போய்ப் பார்க்கலாமா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். உனக்குத் தூசி ஆகாது என்றேன். அவளுக்குத் தூசியால் ஒன்றும் ஆகாது.

5

மைத்துனன் சும்மா இருக்கவில்லை. மறுநாளே விற்பனை மேலாளரிடம் போய்த் தப்பை ஒப்புக்கொண்டான். மேலாளர் கோபப்படவே இல்லையாம். பிரசுரத்தின் அடியில் எறும்பு அளவில் இருந்த வரியைக் காட்டினாராம்: ‘படங்களும் மாதிரி வடிவமும் கற்பனையே. உண்மை மாறுபடலாம்.’

அதை எழுதியதும் நான்தான். நான்கு புத்தகம், ஒரு பிரசுரம். இத்தனையிலும் சத்தியமான வரி அது ஒன்றுதான் போலிருக்கிறது.

எழுதிக் கேட்பவர்களுக்கு வீட்டை மாற்றித் தரலாம், காலியிருக்கும் வரை, என்றார் மேலாளர். அடுத்த மாதிரியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். மைத்துனன் அதை ஒரு பேச்சாகவே எடுக்கவில்லை. வாங்கியவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனான். ஒவ்வொரு வீட்டிலும் தாளை விரித்து, புரட்டிக் காட்டி, மன்னிப்புக் கேட்டான். சிலர் திட்டினார்கள், சிலர் டீ கொடுத்தார்கள். ராட்டினம்தான் பிடிக்கும் என்று ஒரு வீட்டில் பிள்ளைகள் குதித்தார்களாம். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுதிக் கொடுத்து ஏரிப் பக்கம் மாறிக்கொண்டார்கள்.

ஐந்து மாதத்துக்கு முன் ஏரிப் பக்கம் பதினொரு வீடு காலியாக இருந்தது. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாம் மாடி. ஜன்னலில் பாதி தண்ணீர், மீதி பாதி மோட்டார் அறையின் சுவர். அதுவும் வியாழன் மாலை வரைதான். சனிக்கிழமை சாவி தருகிறார்கள்.

அவன் போகாத வீடு ஒன்றே ஒன்று. நான் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்த வீடு. அக்கா முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் இங்கே வருவதையே நிறுத்திவிட்டான். போன வாரம் துணி மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்.

“தம்பி ஏன் வர்றதே இல்ல? நீங்க ஏதாவது சொன்னீங்களா?”

“நான் ஒண்ணும் சொல்லலையே” என்றேன். அன்றைக்கு நான் பேசியதில் உண்மை அது மட்டும்தான்.

6

முடிவுகள். எழுத்தாளன் என்ற முறையில் சில தயாரித்துப் பார்த்தேன்.

முதல் முடிவு: நிறுவனம் மனமிரங்கி இன்னொரு பக்கமும் ஏரி வெட்டுகிறது. (எழுதும்போதே பேனா சிரித்தது.)

இரண்டாவது: அவள் ஜன்னலைத் திறக்கிறாள், ராட்டினத்தின் விளக்குகளைப் பார்க்கிறாள், ‘இதுவும் அழகாத்தான் இருக்குங்க’ என்று என் தோளில் சாய்கிறாள். பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சில் என்ன எழுதும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது: சனிக்கிழமை சாவி தரும்போது ரோபோவே அவளிடம் சொல்லிவிடுகிறது. இதற்காக நேற்று உண்மையிலேயே பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். ரோபோவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இருநூற்றுப் பன்னிரண்டு வரி. வாழ்த்து இருக்கிறது, நன்றி இருக்கிறது, நகைச்சுவைகூட இரண்டு இருக்கிறது. மன்னிப்புக் கேட்கிற வரி ஒன்றுகூட இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தக் கதையில் நான் சந்தேகப்பட வேண்டிய பாத்திரம் யார் என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை பக்கமும் மைத்துனனின் பசையைப் பற்றியும் புரண்ட தாளைப் பற்றியும் விலாவாரியாக எழுதியிருக்கிறேன். அவன் ஒரு நிமிஷம் தவறினான். நான் ஐந்து மாதமாகத் தெரிந்தே தவறிக்கொண்டிருக்கிறேன்.

7

இன்று செவ்வாய். மத்தியானம் மைத்துனன் வந்தான், உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி ஒரு தீப்பெட்டியை நீட்டினான். திறந்தால் பஞ்சின் மேல் பச்சைப் பெண். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து எடுத்து வந்திருக்கிறான்.

“நான் ஒட்டினது தப்பான ஜன்னல் மாமா. இனிமே எங்க ஒட்டணும்னு அக்காவே சொல்லட்டும்” என்றான். இன்றைக்காவது சொல்லுங்கள் என்றுகூட அவன் சொல்லவில்லை.

எனக்கு வாயால் சொல்ல வராது, அது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதனால் எழுதினேன். வீடு மாற்றுவதற்கான படிவத்தை நடுவில் வைத்து, இந்தப் பக்கங்களைச் சாப்பாட்டு மேசையில் அடுக்கியிருக்கிறேன். மேலே தீப்பெட்டி, பக்கத்தில் சீவிய பென்சில். ஆறு மணிக்கு அவள் வருவாள். இதற்கு மேல் இருப்பது எங்கள் வீட்டுப் பேச்சு. மற்ற வாசகர்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்.

நீ இதுவரை படித்துவிட்டாய் என்றால் எல்லாம் தெரிந்துவிட்டது. பதினொன்றில் பத்து போனது என்னால்தான். உன் தம்பி கேட்டபடி அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ விரும்பிய ஜன்னல் உனக்குக் கிடைத்திருக்கும். பாதித் தண்ணீரா, ராட்டினமா, இரண்டும் வேண்டாமா என்று நீதான் எழுத வேண்டும். முடிவை நான் எழுதவில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கில்லை.

முதல் பக்கத்தில், நீ குறி போடாமல் விட்ட அந்த வரிக்கு நேரே ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன். அங்கே எழுத வேண்டியதை முதலில் எழுது. எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் போய் உன் தம்பியைக் கூப்பிடு. மத்தியானத்திலிருந்து கீழேதான் நிற்கிறான்.